நெஞ்சுவலி ஜீப் திரும்பும்வரை காத்திருக்குமா?

தேவாரம், கோம்பை, போடி பகுதிகளில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. இடுக்கி மலையின் ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிற பெண்களில் நம் சேரிப் பெண்கள் கணிசமானவர்கள். காலையில் ஏற்றிப்போகிற ஜீப் சாயங்காலம்தான் இறங்கும். நடுவில் ஒருத்திக்கு நெஞ்சை அடைத்தால் "வாய்வா இருக்கும், சோடா குடி" என்று நிழலில் உட்கார வைப்பதுதான் வழக்கம்.

1950-களில் மாரடைப்பு வந்தவரைப் பல வாரம் கட்டிலில் அசையாமல் படுக்க வைப்பதே வைத்தியமாக இருந்தது. 1960-களில் இதயத்துக்கென்று தனிப்பிரிவுகள் வந்தன. 1977-ல் சூரிச் நகரில் இதய ரத்தக்குழாய் அடைப்பைப் பலூனால் திறந்தார்கள். 1988-ல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு 17,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் இன்னொன்றைக் காட்டியது: விலை மலிவான ஆஸ்பிரின் மாத்திரை மட்டுமே இதயநோய்ச் சாவை ஏறக்குறைய கால்பங்கு குறைத்தது. கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசியும் சேர்ந்தபோது 42 சதவீதம் குறைந்தது. இன்று சிக்கல் இல்லாதவர் சில நாளில் வீடு திரும்புகிறார்.

தமிழ்நாட்டிலும் மாற்றம் வந்தது. சிறிய ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்து, ஊசி போட்டு, 108 வண்டியில் ஏற்றி, ஆஞ்சியோகிராம் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் ஏற்பாட்டை 2012 முதல் 2014 வரை 2,420 பேரிடம் சோதித்தார்கள். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள். ஆனால் ஆஸ்பத்திரிக்குள்ளேயே இறந்தவர்களின் விகிதம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. இதை நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதற்கு முன்னும், வாசலைத் தாண்டி வந்த பின்னும் என்ன நடக்கிறது என்பதும் உயிரைத் தீர்மானிக்கிறது. கூலிக்காரருக்கு இடறுவது இந்த இரண்டு இடத்தில்தான்.

முதலில் நேரம். கட்டியைக் கரைக்கும் ஊசி முதல் மூன்று மணி நேரத்தில் நன்றாக வேலை செய்யும். 12 மணி நேரம் தாண்டினால் பெரிய பலனில்லை. தேவாரத்திலிருந்து க.விலக்கு தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல். மதுரை இன்னும் தூரம். மலையிலிருந்து வருபவருக்கு வளைவுப் பாதையும் சேர்கிறது. பெண்களுக்கு நெஞ்சுவலி இல்லாமல் தாடை வலி, முதுகு வலி, மூச்சுத் திணறல், அசதி என்றும் மாரடைப்பு வரும். நாளெல்லாம் குனிந்து வேலை செய்கிறவள் முதுகு வலி என்றால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் அறிவித்தார். நல்லது. ஆம்புலன்ஸ் உள்ளே வந்து திரும்புகிற அகலத்தில் அந்தத் தெருவுக்குப் பாதையும் வேண்டும்.

2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டப்படி, ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அட்டோர்வாஸ்டாட்டின் சேர்ந்த 14 மாத்திரைகளை உடனே கொடுத்து மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். நம் ஊர் நிலையத்தில் இருப்பு இருக்கிறதா என்று படிக்கிற பிள்ளைகள் போய்க் கேளுங்கள். அது நம் உரிமை.

அடுத்தது வீடு திரும்பிய பிறகு. மாத்திரையை நிறுத்தாதே, சில வாரம் பாரம் தூக்காதே என்கிறார் டாக்டர். நாள்கூலிக்கு ஓய்வு ஏது? 1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஏலத்தோட்டத்துக்கும் மருத்துவ வசதியையும் நோய்க்கால உதவித்தொகையையும் எழுதி வைத்தது. ஆனால் 2025 வரை நடப்பில் இருந்த அது 5 ஹெக்டேரும் 15 தொழிலாளரும் உள்ள தோட்டங்களுக்குத்தான் பொருந்தியது. சிறு தோட்டங்களுக்கு முகவர் மூலம் ஜீப்பில் போய்வருகிறவர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறார்?

சாலை விபத்தில் அடிபட்டவர் எந்த மாநிலத்தவர் என்று பாராமல் முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் திட்டத்தைத் தமிழ்நாடு 2021 டிசம்பரில் கொண்டுவந்தது. மலையில் மாரடைப்பு வருகிற தொழிலாளிக்கும் அப்படியொரு ஏற்பாட்டைத் தமிழ்நாடும் கேரளாவும் பேசி முடிக்க வேண்டும். அதுவரைக்கும் போடிமெட்டிலும் கம்பம்மெட்டிலும் அந்த 14 மாத்திரைகளும் ஒரு இ.சி.ஜி. கருவியும், அதை இயக்கத் தெரிந்த ஒரு செவிலியரும் இருக்கட்டும்.