அறுந்த ரத்தக்குழாயை இணைக்க 6 மணி நேரம்... டாக்டர் உருவாக பதினொன்றரை வருஷம்! ஏன்?

சானமாவு இளைஞர் ஒருவரின் கை ஓசூர் தொழிற்சாலை மெஷினில் சிக்கி, முக்கிய ரத்தக்குழாய் அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சுமார் 6 மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டம் திரும்ப வேண்டும். தாமதமானால் கையையே இழக்க நேரிடலாம்.

எவ்வளவு படிக்கணும்?

எம்.பி.பி.எஸ். பயிற்சியுடன் ஐந்தரை ஆண்டு, எம்.எஸ். பொது அறுவை சிகிச்சை 3 ஆண்டு, எம்.சிஎச். ரத்தக்குழாய் அறுவை சிகிச்சை 3 ஆண்டு. மூன்றுக்கும் தனித்தனி நீட் தேர்வு.

இங்கே எப்போது?

கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதே 2022 ஜனவரியில்தான். முதல் பேட்ச் மாணவர் இடைவெளியே இல்லாமல் படித்தாலும், நிபுணராக 2033 ஆகிடும்.

அதனால்தான், ரத்தப்போக்கை நிறுத்தி, நேரத்தோடு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் பொது அறுவை சிகிச்சை டாக்டர் இங்கே அவ்வளவு முக்கியம்.