பெயரைக் கொடுத்து வாங்கிய இடம்

கராத்தே பழகின ஆக்களிட்டக் கேட்டுப் பாருங்கோ, 'அது ஜப்பான்ர கலை' எண்டுதான் கனபேர் சொல்லுவினம். இன்னும் சிலர் 'ஆயிரம் வருசமா மாறாமல் வாற பாரம்பரியம்' எண்டும் சொல்லுவினம். இரண்டும் சரியில்லை. ஜப்பானின் பெருநிலத்துக்குக் கராத்தே போய்ச் சேர்ந்தே நூறு வருசம்தான் ஆகுது. அங்கே கால் ஊன்ற அது என்ன விலை கொடுத்தது என்பதைப் பற்றித்தான் நாங்கள் பேச நினைக்கிறோம்.

கராத்தேயின் தாய்மண் ஒகினாவா. ரியூக்கியு இராச்சியத்தின் மையத் தீவு அது. சொந்த மொழியும் சொந்த மன்னரும் இருந்தார்கள். சீனாவோடு நூற்றாண்டுக் கணக்கில் உறவு இருந்தது. 1879 இல் ஜப்பான் அந்த அரசை ஒழித்துத் தன் மாகாணமாக்கியது. பிறகு பள்ளிக்கூடத்தில் தங்கட மொழியைப் பேசின பிள்ளைகளின் கழுத்தில் தண்டனை அட்டை தொங்கவிட்டார்கள்.

அந்தத் தீவில் இருந்துதான் 1922 இல் ஃபுனாகோஷி கிச்சின் என்ற பள்ளி ஆசிரியர் தோக்கியோவுக்குப் போனார். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. ஒகினாவா மாணவர் விடுதி ஒன்றில் தங்கி, அறை கூட்டி, காவல் பார்த்துக்கொண்டுதான் கராத்தே பழக்கினார்.

புது இடத்துக்காக அவர் செய்த மாற்றங்களை நாங்கள் இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறோம். முதலாவது, பழக்கும் முறை. ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோவிடம் இருந்து வெள்ளை உடுப்பும் கறுப்புப் பட்டியும் வந்தன. 1924 இல் கெய்யோ பல்கலைக்கழகத்தில் கராத்தே கழகம் தொடங்கியது. இதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. பழக வாற ஆக்களுக்கு ஏற்ற மாதிரித்தானே பழக்க வேணும்?

இரண்டாவது, பெயர். 'கராத்தே'யை முன்பு 'சீனக் கை' என்று பொருள்படும் எழுத்துகளால் எழுதினார்கள். அதே உச்சரிப்பில் அது 'வெறுங்கை' ஆனது. பயிற்சி வரிசைகளான காட்டாக்களுக்கும் புதுப் பெயர் வந்தது. பினான், ஹெயான் ஆனது. நைஹான்சி, தெக்கி ஆனது. சீனத் தூதர் ஒருவரின் பெயர் என்று சொல்லப்படும் குஷாங்கு, கான்கு ஆனது.

'ஒகினாவாக்காரரே ஒத்துக்கொண்டதுதானே' எண்டு நீங்கள் கேட்கலாம். உண்மைதான். 1905 இலேயே ஹனாஷிரோ சோமோ 'வெறுங்கை' என்று எழுதியிருக்கிறார். 1936 இல் நாஹா நகரில் கூடிய ஆசான்களும் அந்த எழுத்தையே ஏற்றார்கள். ஆனால் காலத்தையும் பாருங்கோ. 1931 இல் ஜப்பான் மஞ்சூரியாவைப் பிடித்தது, 1937 இல் சீனாவோடு முழுப் போர். அப்படியான நாட்டில் 'சீன' என்ற சொல்லைத் தூக்கிக்கொண்டு ஒரு கலை எவ்வளவு தூரம் போயிருக்கும்? சம்மதம் இருந்தது. ஆனால் அது சின்ன இனம் பெரிய நாட்டுக்குக் கொடுத்த சம்மதம். அந்த வித்தியாசம் எங்களுக்கு விளங்காமல் இருக்க ஏலாது.

ஃபுனாகோஷியைக் குற்றவாளியாக்குவது எங்கட நோக்கம் இல்லை. அவர் போகாமல் இருந்திருந்தால் கராத்தே இண்டைக்கு எங்கட ஊர் வரைக்கும் வந்திருக்குமோ தெரியாது. நாங்கள் சொல்வது இதுதான்: ஒரு கலை புது நாட்டில் வேர் விட உடுப்பு, பட்டி, வகுப்பு நேரம் எல்லாம் மாறலாம். எங்கிருந்து வந்தது என்பது மட்டும் மறையக்கூடாது. 'தூய பாரம்பரியம்' எண்டு விளம்பரம் போடுறவை பலர் மறைப்பது இதைத்தான்.

இலங்கையில் கராத்தே வகுப்புகளில் பிள்ளைகள் 'இச்சி, நி, சன்' எண்டு எண்ணுவினம். அது ஜப்பானிய மொழி. ஒகினாவா மொழியில் 'தீச்சி, தாச்சி, மீச்சி'. அந்த மொழியை அழியும் ஆபத்தில் உள்ளதாக யுனெஸ்கோ பட்டியல் இட்டிருக்கு. கலை உலகம் முழுக்கப் போயிட்டுது, அதைப் பெற்ற மொழி சொந்தத் தீவிலேயே தேய்ந்துகொண்டு இருக்கு.

எண்ணுறதை மாத்தச் சொல்லி நாங்கள் கேட்கேல்லை. பழக்கிற மாஸ்டர்மார் முதல் நாளிலேயே ஒகினாவாவின் பெயரையும் 1879 இல் நடந்ததையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்க வேணும். அதுக்கு ஐந்து நிமிசம் போதும்.