வயிற்றுப்புண்ணுக்கு மிளகாய்தான் காரணமா?

ஒருவருக்கு வயிற்றுப்புண் என்றதும் நம் வீடுகளில் என்ன சொல்கிறார்கள்? "காரம் அதிகம், வேளைக்குச் சாப்பிடுவதில்லை, எப்போதும் கவலை." மாணவ நண்பர்களே, இம்மூன்றும் நோயாளியையே குற்றவாளியாக்குவதைக் கவனித்தீர்களா? பழி சொல்வது எளிது. காரணம் தேடுவதுதான் கடினம்.

இரைப்பையில் சுரப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். உங்கள் ஆய்வகத்தில் சீசாவில் இருக்கிறதே, அதே அமிலந்தான். இறைச்சியைச் செரிக்கும் இரைப்பை தன்னையே ஏன் செரித்துக்கொள்வதில்லை? முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது என்பேன். இரைப்பையின் உட்சுவரை ஒரு சளிப்படலம் மூடியிருக்கிறது. அதில் கசியும் பைகார்பனேட், சுவரை நெருங்கும் அமிலத்தை நடுநிலையாக்குகிறது.

இந்தக் காவலை நடத்தும் பொருள் எதிலிருந்து பிறக்கிறது தெரியுமா? கொழுப்பிலிருந்து! நல்லெண்ணெயிலும் கடலையெண்ணெயிலும் லினோலியிக் அமிலம் உண்டு. அது 18 கார்பன் அணுக்கள் கொண்ட கொழுப்பு அமிலம். உடல் அதைச் சிறிது மாற்றி, மேலும் 2 கார்பன்களைச் சேர்த்து, அராக்கிடோனிக் அமிலமாக்கி, உயிரணுச் சவ்வுகளில் வைத்துக்கொள்கிறது. தேவைப்படும்போது நொதிகள் அதைப் புராஸ்டகிளாண்டின்களாக மாற்றுகின்றன. இவை சளியையும் பைகார்பனேட்டையும் பெருக்கும். அமிலச் சுரப்பைக் குறைக்கும். உட்சுவருக்கு இரத்தம் தாராளமாகப் பாயச் செய்யும். கொழுப்பு என்றாலே பகைவன் என்று பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொன்னால் நன்றாயிருக்கும்.

ஆனால், அடிபட்ட இடத்தில் வலியையும் வீக்கத்தையும் தூண்டுவதும் இதே குடும்பத்துப் பொருள்கள்தாம். ஆஸ்பிரின் இவற்றின் உற்பத்தியைத் தடுக்கிறது என்று 1971இல் ஜான் வேன் என்ற ஆங்கிலேயர் காட்டினார். 1982இல் நோபெல் பரிசில் பங்கும் பெற்றார். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் ஆகியவையும் அவ்வாறே வேலை செய்கின்றன. தலைவலிக்கு விழுங்கிய மாத்திரைக்குத் தலை எது, வயிறு எது என்று தெரியாதே! வலி போகிறது, வயிற்றின் காவலும் தளர்கிறது.

மற்றொரு பெருங்காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியா. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 1982இல் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் அதை வளர்த்துக் காட்டினர். அமிலத்தில் கிருமி வாழுமா என்று பலர் நம்ப மறுத்தனர். 1984இல் மார்ஷல் அக்கிருமிகளைத் தாமே குடித்தார். சில நாட்களில் அவருடைய இரைப்பை அழன்று வீங்கியது. 2005இல் இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. இக்கிருமி உள்ள எல்லோருக்கும் புண் வருவதில்லை. வந்தவருக்கு, கிருமியை ஒழிக்க மருந்து உண்டு.

காரம், ஏற்கெனவே உள்ள புண்ணின் எரிச்சலைக் கூட்டலாம். அதற்காக அதையே காரணம் என்று சொல்லிவிட முடியுமா? மிளகாயைக் குறைத்துவிட்டு, மூட்டுவலி மாத்திரையைக் கடையில் தாமே கேட்டு வாங்கி நாள்தோறும் விழுங்கும் பெரியவர்கள் எத்தனை பேர்! உங்கள் பாட்டியின் மாத்திரை அட்டையில் உள்ள பெயரை இன்றே படித்துப் பாருங்கள். இதய நோய்க்கு மருத்துவர் எழுதித் தந்த ஆஸ்பிரின் என்றால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; அவரையே கேளுங்கள். மலம் தார்போல் கறுத்துப் போனால் புண்ணில் இரத்தம் கசிகிறது என்று பொருள் இருக்கலாம். மோரும் கஞ்சியும் கொடுத்துக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.