தேர்வெழுதாத பிளஸ் டூ பிள்ளைகளும் பெற்றோரின் பொறுப்பும்: எங்கள் நிலைப்பாடு

ஜூலை 2021

"ஆல் பாஸ் பேட்ச்" என்று இந்தப் பிள்ளைகளுக்கு ஊரே பெயர் வைத்துவிட்டது. வாட்ஸ்அப் மீம்களில் அதே கேலி, சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் அதே கேலி. ஜூலை 19 அன்று பிளஸ் டூ முடிவு வந்தபோது 8 லட்சத்து 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் தேர்ச்சி பெற்றார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு யாரும் கைகொடுத்து வாழ்த்துச் சொல்லவில்லை.

அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்த அமைப்பு எங்களுடையது. உறுப்பினர்கள் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்பது இரண்டே கேள்விகள். இந்த மார்க்கைக் காலேஜில் மதிப்பார்களா? பெற்றவர்கள் நாங்கள் இப்போது என்ன செய்ய வேண்டும்? இரண்டுக்கும் பதிலாகவே இந்த அறிக்கை.

ஜூன் 5 அன்று தமிழ்நாடு அரசு பிளஸ் டூ பொதுத்தேர்வை ரத்து செய்தது சரியான முடிவு. மே மூன்றாம் வாரத்தில் ஒரே நாளில் 36 ஆயிரம் பேருக்குத் தொற்று உறுதியான மாநிலம் இது. பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகளுக்குத் தடுப்பூசியும் இல்லை. அந்த நிலையில் அவர்களைத் தேர்வு அறைக்கு அனுப்பச் சொல்லும் துணிச்சல் எங்களுக்கு இல்லை. ஆனால் அந்த முடிவின் சுமை முழுவதும் பிள்ளைகள் தலையில் விழக் கூடாது. மார்க் பேச்சை வீட்டில் நிறுத்த வேண்டும். விண்ணப்பம், சான்றிதழ், கட்டணம் என்ற அலைச்சல் வேலைகளைப் பெரியவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். என்ன படிப்பது என்பதை மட்டும் பிள்ளையிடம் விட வேண்டும். இதுவே எங்கள் நிலைப்பாடு. பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது: படிப்பை அப்பா முடிவு செய்கிறார், விண்ணப்பத்தைத் தூக்கிக்கொண்டு பிள்ளை தனியாக அலைகிறது.

மார்க் எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அதிக மதிப்பெண் வந்த 3 பாடங்களின் சராசரியிலிருந்து 50 சதவீதம், பிளஸ் ஒன் எழுத்துத் தேர்விலிருந்து 20 சதவீதம், பிளஸ் டூ செய்முறைத் தேர்வு, அகமதிப்பீடு இரண்டிலிருந்தும் 30 சதவீதம். அதாவது 2019 மார்ச்சில், பதினைந்து வயதில் எழுதிய தேர்வு இன்றைய மதிப்பெண்ணில் சரிபாதி. பத்தாவதில் விளையாட்டாக இருந்துவிட்டு, பிளஸ் டூவில் பிடித்துவிடலாம் என்று நம்பி, இந்த ஜனவரி 19 அன்று பள்ளி திறந்ததும் விழுந்து விழுந்து படித்த பிள்ளைக்கு அந்த உழைப்பைக் காட்ட இடமே கிடைக்கவில்லை. "எதிர் வீட்டுப் பையன் 560, நீ ஏன் 480?" என்று கேட்கும் அப்பா இரண்டு பேரின் பிளஸ் டூ படிப்பை ஒப்பிடவில்லை. இரண்டு வருடத்துக்கு முந்தைய பத்தாவது மார்க்கை இன்று கையில் வைத்துக்கொண்டு திட்டுகிறார்.

இந்த மதிப்பெண்ணில் திருப்தி இல்லாமல் ஆகஸ்ட் 6 முதல் 19 வரை நடக்கும் தேர்வை எழுத முன்வந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதில் வாங்கும் மதிப்பெண்ணே இறுதியானது. கூடினாலும் அதுதான், குறைந்தாலும் அதுதான். "எழுதித்தான் ஆகணும்" என்று துரத்துவதும் தவறு, "கிடைச்சதை வெச்சுக்கோ" என்று தடுப்பதும் தவறு. பொறியியல் என்றால் கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கட்ஆஃப் போட்டு, எந்தப் பாடத்தில் எவ்வளவு கூடினால் நிலைமை மாறும் என்று சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். அதன் பிறகு முடிவெடுப்பது அந்தப் பிள்ளை.

கடந்த ஒரு வருடம் எப்படிப் போனது என்பதையும் மறந்துவிடக் கூடாது. பல வீடுகளில் பிளஸ் டூ படிப்பு முழுக்க அப்பாவின் போனில் நடந்தது. அவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர் என்றால் காலையிலேயே போன் அவரோடு கிளம்பிவிடும். ராத்திரி அவர் வந்து, போனைச் சார்ஜில் போட்ட பிறகுதான் காலையில் ஆசிரியர் அனுப்பிய பாடம் திறக்கும். அதற்குள் ஒன்பதாவது படிக்கும் தங்கை வரிசையில் நிற்பாள். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வரும் நேரத்தில் வீட்டுக்குள் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பது அவரவருக்குத் தெரியும். இப்படிப் படித்த பிள்ளையைப் பார்த்து "சும்மா பாஸ் ஆனவன்" என்று சொல்ல எந்த மாமாவுக்கும் உரிமை கிடையாது. சொன்னால், பெற்றவர்கள் அந்த இடத்திலேயே வாயைத் திறந்து மறுக்க வேண்டும்.

இனி விண்ணப்பம். இந்த ஆண்டு பிள்ளைகள் உண்மையில் இடம் இழக்கப்போவது இங்கேதான் என்று அஞ்சுகிறோம்.

அரசு கலை, அறிவியல் கல்லூரிகளுக்கு ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 10 வரை, பொறியியலுக்கு ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 24 வரை இணையத்தில் பதியலாம். எல்லாமே ஆன்லைன். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத பிள்ளை பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போகிறது. அங்கே கூட்டம். கடைக்காரர் வேகமாகத் தட்டுகிறார். செல்போன் எண் கேட்கும் இடத்தில், பிள்ளையிடம் சொந்தப் போன் இல்லை என்பதால், தன் எண்ணையே போட்டுவிடுகிறார். அப்போதைக்கு வேலை முடிந்துவிடும். செப்டம்பரில் தரவரிசைக்குப் பிறகு ஓ.டி.பி.யும் குறுஞ்செய்தியும் யாருக்குப் போகும்? கடைக்காரருக்கு. கலந்தாய்வில் தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் குறித்த நாளுக்குள் உறுதி செய்யாவிட்டால் இடம் போய்விடும். நல்ல ரேங்க் இருந்தும் கடைக்காரர் போனைப் பார்க்காததால் சீட் போவதற்கு இடம் கொடுக்காதீர்கள். விண்ணப்பத்தில் போடுவது அப்பா அல்லது அம்மாவின் எண்ணாக, இன்னும் ஆறு மாதத்துக்கு ரீசார்ஜ் விட்டுப்போகாத எண்ணாக இருக்கட்டும். பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

சான்றிதழ்களில் சாதிச் சான்று பெரும்பாலான வீடுகளில் இருக்கும். சிக்கல் முதல் பட்டதாரிச் சான்றிலும் வருமானச் சான்றிலும்தான். குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்றால் தொழிற்படிப்பில் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அந்தச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் பதிந்து, பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து உறுதிமொழி கொடுத்து, வி.ஏ.ஓ., ஆர்.ஐ. என்று படியேறி, கடைசியில் தாசில்தார் அலுவலகத்தில் ஒப்புதல் வர வேண்டும். இனிஷியலில் ஒரு எழுத்து மாறினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இந்த அலைச்சலுக்குப் பதினேழு வயதுப் பிள்ளையை அனுப்பாதீர்கள். அரை நாள் கூலி போனாலும் அப்பாவோ அம்மாவோ போங்கள்.

விருப்பப் பட்டியல் தரும்போது பிள்ளைகள் பெயர் தெரிந்த நாலைந்து கல்லூரிகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தப் பட்டியல் எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது. விடுதி வேண்டுமா, தினமும் பஸ்ஸில் போய்வர முடியுமா, வருடத்துக்கு எவ்வளவு கட்ட முடியும் என்பதை மட்டும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். கையில் 40 ஆயிரம்தான் இருக்கிறது என்றால் 40 ஆயிரம் என்றே சொல்லுங்கள். வீட்டு நிலவரத்தை மறைத்து வைத்துவிட்டு சேரும் நாளில் கையை விரிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

"சீட்டைப் பிடித்து வையுங்கள்" என்று தனியார் கல்லூரிகளின் ஆட்கள் இப்போதே போன் செய்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழு இந்த மாதம் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, அக்டோபர் 31 வரை சேர்க்கையை ரத்து செய்தால் முழுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது என்று 2018-லேயே சொல்லியிருக்கிறது. இந்த இரண்டையும் தெரிந்துகொண்டு பேசுங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

நீட் பற்றி எங்கள் கருத்தில் ஒளிவுமறைவு இல்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு அது நியாயமான தேர்வு அல்ல. அதன் தாக்கத்தை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு ஜூலை 14 அன்று அறிக்கை கொடுத்திருக்கிறது, அரசு மேல்நடவடிக்கை எடுக்கட்டும், அந்தப் போராட்டத்தில் நாங்களும் நிற்கிறோம். ஆனால் செப்டம்பர் 12 அன்று தேர்வு என்று அறிவிப்பு வந்துவிட்டது. "நீட் இருக்காது, படிக்காதே" என்று எந்தப் பெரியவரும் பிள்ளையிடம் சொல்ல வேண்டாம். இருக்கிறது என்று நினைத்தே படிக்கட்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டால் போன வருடம் ஏறத்தாழ 400 பேர் மருத்துவம், பல் மருத்துவம் சேர்ந்தார்கள். அந்தக் கதவு திறந்திருக்கிறது.

அதே சமயம், போன செப்டம்பரில் நீட்டுக்கு முந்தைய நாள் ஒரே நாளில் தமிழ்நாடு மூன்று பிள்ளைகளை இழந்தது. ஆகவே இதை அழுத்திச் சொல்கிறோம். மருத்துவம் ஒன்றுதான் படிப்பு என்ற பேச்சு எந்த வீட்டிலும் கேட்கக் கூடாது. நீட் எழுதும் பிள்ளைக்கும் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி.க்கு ஒரு விண்ணப்பம், வேளாண்மைக்கோ கால்நடை மருத்துவத்துக்கோ ஒரு விண்ணப்பம் இப்போதே போட்டுவிடுங்கள். "தோற்றால் என்ன செய்வாய்" என்று கேட்டு அதைப் போடக் கூடாது. மற்ற வேலைகளோடு சேர்த்து நீங்களே போட்டுவிடுங்கள். பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, யாரிடமும் பேசவில்லை, "நான் இருந்து என்ன பயன்" என்பது போல ஏதாவது சொல்கிறது என்றால் அதை நடிப்பு என்று தள்ளாதீர்கள். பக்கத்தில் இருந்து கேளுங்கள், தனியாக விடாதீர்கள். 104-க்கு அழைத்தால் மனநல ஆலோசனை கிடைக்கும். பெற்றோரும் அழைக்கலாம்.

நோய்த்தொற்று பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. பிள்ளைக்கு ஊசி இல்லை, உங்களுக்கு இருக்கிறது. இன்னும் போடாதவர்கள் தேர்வுக்கு முன்பாவது போட்டுக்கொள்ளுங்கள். தேர்வு மையத்துக்கு அம்மா, அப்பா, சித்தப்பா என்று ஒரு வேன் நிறையப் போகாமல் ஒருவர் மட்டும் போங்கள்.

ஒரு விஷயத்தில் எங்களிடம் விட்டுக்கொடுக்கும் பேச்சே கிடையாது. "காலம் சரியில்லை, நல்ல இடம் வந்திருக்கு, முடிச்சிடலாம்" என்று பிளஸ் டூ முடித்த பெண்பிள்ளைகளுக்கு அவசரக் கல்யாணம் பேசுகிறார்கள். மண்டபச் செலவு இல்லை, ஐம்பது பேருக்குச் சாப்பாடு போட்டால் போதும் என்பது ஒரு காரணமாம். பதினெட்டு ஆகாத பெண்ணுக்கு அது சட்டப்படி குற்றம், 1098-க்குச் சொன்னால் அதிகாரிகள் வருவார்கள். பதினெட்டு ஆன பெண்ணாக இருந்தாலும் அவள் விண்ணப்பத்தை நிறுத்திவிட்டு மாப்பிள்ளை பார்ப்பதை எங்கள் உறுப்பினர் வீடு எதிலும் ஏற்க மாட்டோம். பையன்களைப் பனியன் கம்பெனிக்கு அனுப்பி "ஒரு வருஷம் போகட்டும், அப்புறம் சேர்க்கலாம்" என்பதும் அதே கணக்குதான். ஊரடங்கில் வருமானம் நின்றுபோன குடும்பத்தின் கஷ்டம் எங்களுக்குத் தெரியும், எங்களில் பாதிப் பேர் அந்தக் குடும்பங்கள்தான். ஆனால் அந்த "அப்புறம்" பெரும்பாலும் வருவதில்லை.

கொரோனாவில் அப்பாவையோ அம்மாவையோ இழந்த பிள்ளைகளும் இந்த விண்ணப்பக் கூட்டத்தில் நிற்கிறார்கள். இருவரையும் இழந்த பிள்ளைக்கு 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை, ஒருவரை இழந்தால் குடும்பத்துக்கு 3 லட்சம், இருவரையும் இழந்த பிள்ளைக்குப் பட்டப்படிப்பு வரை கல்விச் செலவு என்று மே 29 அன்று அரசு அறிவித்தது. மருத்துவமனை ஆவணம், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று என்று அதற்கும் காகிதங்கள் வேண்டும். துக்கத்தில் இருக்கும் வீட்டுக்கு அந்த வேலையை அக்கம்பக்கத்தார் செய்துகொடுக்க வேண்டும்.

அரசிடமும் கல்லூரிகளிடமும் எங்கள் கோரிக்கைகள் சில. அரசு மேல்நிலைப் பள்ளிகளின் ஹைடெக் லேப்களை ஆகஸ்ட் 24 வரை விண்ணப்பம் பதிய முன்னாள் மாணவர்களுக்குத் திறந்துவிடுங்கள். கம்ப்யூட்டர் இருக்கிறது, இணைப்பு இருக்கிறது, விவரம் தெரிந்த ஆசிரியர் இருக்கிறார், பிள்ளைகள் ஏன் பிரவுசிங் சென்டரில் காசைக் கொட்ட வேண்டும்? போன ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்குத் தந்த தினம் 2 ஜி.பி. டேட்டாவை பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கும் தாருங்கள். தாசில்தார் அலுவலகங்கள் இந்த ஒரு மாதம் மாணவர் சான்றுகளை முதலில் பார்க்கட்டும். இந்தப் பிள்ளைகளின் மதிப்பெண்ணை நம்பாமல் தனியார் கல்லூரிகள் தாங்களே ஒரு நுழைவுத் தேர்வு வைப்பதை அனுமதிக்கக் கூடாது. விடுபட்ட பாடங்களைக் கல்லூரியின் முதல் மாதங்களில் பிரிட்ஜ் கோர்ஸ் வைத்துச் சொல்லிக்கொடுக்கலாம்.

எங்கள் உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் பிளஸ் டூ முடித்த பிள்ளை யார் யார் என்று இந்த வாரமே விசாரியுங்கள். கலை, அறிவியல் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டாயிற்றா, எந்தப் போன் எண் கொடுத்தார்கள், எந்தச் சான்று நிலுவையில் இருக்கிறது என்று கேளுங்கள். போடாத பிள்ளை இருந்தால் உங்கள் வீட்டு லேப்டாப்பிலோ போனிலோ போட்டுக்கொடுங்கள். ஆகஸ்ட் 10-க்குப் பிறகு கேட்டுப் பயனில்லை.