குளிர்ச்சி ஓரிடம், புகை வேறிடம்

2018 அக்டோபரில் தில்லியின் பதர்பூர் அனல் மின் நிலையம் நிரந்தரமாக மூடப்பட்டது. காற்றின் பொருட்டு எடுக்கப்பட்ட அம்முடிவு சரியானதே. ஆனால் மின்தேவை குறையவில்லை; 2024 கோடையில் அந்நகரின் உச்ச மின்தேவை 8,000 மெகாவாட்டைக் கடந்தது. அறைதோறும் குளிரூட்டி பொருத்தப்படும் நகரில் இது வியப்பன்று. அம்மின்சாரத்தின் ஒரு பகுதி ஏறத்தாழ 700 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சிங்ரௌலி, ரிகந்த் நிலையங்களிலிருந்து வருகிறது. குளிர்ச்சியைத் தில்லி பெறுகிறது; சாம்பல் அங்கேயே தங்கிவிடுகிறது.

உமிழ்வைக் கணக்கிடும் வழக்கமான முறை, புகைபோக்கி நிற்கும் இடத்தின் பெயரிலேயே பற்று எழுதுகிறது. 2019இல் தொடங்கப்பட்ட தேசியத் தூய காற்றுத் திட்டமும் நகரத்தையே அலகாகக் கொண்டது. அதன் நிதியில் பெரும்பகுதி சாலைப் புழுதியை அடக்குவதில் கரைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். மாநகராட்சியின் கைக்கு எட்டுவது புழுதிதானே!

செங்கல்லின் கதை இன்னும் கூர்மையானது. 1996இல் உச்ச நீதிமன்ற உத்தரவுகளை அடுத்துத் தில்லியின் சூளைகள் வெளியேறின. இன்று அவை பாக்பத், ஜஜ்ஜர் போன்ற சுற்று மாவட்டங்களில் எரிகின்றன. தலைநகர்ப் பகுதியின் அடுக்குமாடிகளுக்குக் கல் அங்கிருந்து வருகிறது. அந்தக் கல்லை அறுக்கும் குடும்பம் தன் குடிசையில் பெரும்பாலும் விறகையே எரிக்கிறது. உமிழ்வுப் பட்டியலில் ‘குடும்பங்கள்’ என்ற தலைப்பின்கீழ் பதிவாவது அந்த அடுப்பின் புகைதான். அடுக்குமாடியில் குடியேறுபவரின் பெயரில் ஏறக்குறைய ஒன்றுமே இராது. அவர் வீட்டு எரிவாயு நீலமாக எரிகிறது.

நகரமயமாதல் விறகடுப்பை அகற்றுகிறது என்று வாதிடுவோர் உண்மையையே சொல்கிறார்கள். இந்தியாவின் நுண்துகள் மாசில் வீட்டு விறகு, வறட்டிப் புகையின் பங்கு மிகப் பெரிது. 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தின் தேவை குறித்து ஐயமில்லை. ஆனால் அடுப்பை விட்டு வெளியேறிய புகை மின்சாரமாகவும் சிமெண்டாகவும் உருமாறி வேறிடத்தில் எழும்போது, அதையும் கணக்கில் சேர்க்காமல் ‘குறைந்தது’ என்பது பாதிக் கணக்கு.

முழுக் கணக்கிற்கான கருவி புதிதன்று. உள்ளீடு–வெளியீட்டு அட்டவணையில் மாசையும் ஒரு வரிசையாகச் சேர்க்கும் முறையை வாசிலி லியோன்டீஃப் 1970இலேயே காட்டினார். இடையூறு தரவில் இருந்தது. 2017-18 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின் முடிவுகள் வெளியிடப்படவே இல்லை. 2011-12க்குப் பிறகு 2022-23க்கான ஆய்வு வரும்வரை பழைய எண்களோடுதான் காலம் ஓட்ட வேண்டியிருந்தது. அந்தப் புதிய ஆய்வின்படி நபர்வாரி மாதச் செலவு ஊரகத்தில் 3,773 ரூபாய், நகரத்தில் 6,459 ரூபாய். இந்த வேறுபாட்டுக்குப் பின்னுள்ள புகை எங்கே எழுகிறது என்பதே இனி ஆராயப்பட வேண்டியது. கரியமில வாயுவுக்கு எங்கு வெளியாயிற்று என்பது பெரிய பொருட்டன்று. நுண்துகளுக்கு அதுவே பொருட்டு, ஏனெனில் அதை முதலில் சுவாசிப்பவர் பக்கத்து ஊர்க்காரர்.

கொள்கையோ எதிர்த்திசையில் செல்கிறது. அனல் மின் நிலையங்களின் கந்தக டை ஆக்சைடுக்கு 2015 டிசம்பரில் வரம்பு விதிக்கப்பட்டது; காலக்கெடு மீண்டும் மீண்டும் தள்ளிப்போயிற்று. 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே அளிக்கப்பட்டுவிட்டது. கந்தக நீக்கக் கருவியைக் கட்டாயம் நிறுவ வேண்டியவை தலைநகர்ப் பகுதிக்கும் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கும் 10 கிலோமீட்டர் சுற்றளவில் உள்ளவை. மின்சாரத்தை மிகுதியாக நுகரும் இடத்தின் அருகாமையே பாதுகாப்புக்கான தகுதியாகிறது.

இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பது அரசின் வாதம். குறைவுதான், எரிக்கப்படும் நிலக்கரியின் அளவு குறைவன்று. மேலும், அவ்வாயு காற்றில் சல்பேட் நுண்துகளாக மாறி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணிக்கிறது. 10 கிலோமீட்டர் வட்டம் அதற்குத் தெரியாது.