555 புத்தகத்தில் என் பெயர்

நான் படித்த தமிழ்ப்பள்ளியில் முஸ்லிம் மாணவர்கள் மொத்தம் நால்வர்தான். ஐந்து பேர் இருந்தால் இஸ்லாமியக் கல்வி கற்பிக்க வேண்டும் என்கிறது 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். ஒரு தலை குறைந்த காரணத்தால் ஆறாண்டுகளும் மற்ற நண்பர்களோடு அமர்ந்து நன்னெறிக் கல்வி படித்தேன். நேர்மை, நன்றி பாராட்டுதல், பொறுப்புணர்வு என்று வரிசையாக மனனம் செய்தேன். மாலையில் பள்ளிவாசல் மதரஸாவில் குர்ஆன் ஓதினேன். தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் நிலைமை மாறியது. அந்தப் பாடவேளை வந்தால் பழைய நண்பர்கள் நன்னெறி வகுப்புக்குப் போவார்கள். நான் இஸ்லாமியக் கல்வி வகுப்புக்குப் போவேன். அவர்களுக்கு ஒழுக்கம், எனக்கு மார்க்கம் என்று பள்ளி அட்டவணையே பிரித்துவைத்தது போலிருக்கும்.

பாடவேளையைப் பிரிப்பதில் தவறில்லை. ஆனால் அந்த அட்டவணை நம் மனத்துக்குள்ளும் புகுந்துவிட்டதோ என்பதுதான் என் கவலை. தொழுகை, நோன்பு, ஹலால் முத்திரை எல்லாம் ஒரு கட்டத்தில். வாங்கிய கடன், கொடுத்த வாக்கு, போட்ட கையொப்பம் எல்லாம் வேறொரு கட்டத்தில். பிறரைச் சொல்லவில்லை. என் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

இரண்டாம் ஆண்டில் என் மடிக்கணினி பழுதாகிப்போனது. கையில் காசும் இல்லை. நூலகத்துக்குப் பக்கத்தில் ஒரு போட்டோஸ்டேட் கடை இருந்தது. நடத்தியவர் ஐம்பது வயதைக் கடந்த தமிழர். எப்போதும் நெற்றியில் திருநீறு இருக்கும். இடுபணிகளை அங்கேதான் அச்சிட்டேன், பாடக்குறிப்புகளை அங்கேதான் நகலெடுத்தேன். “பரவாயில்ல தம்பி, அப்புறம் கொடுங்க” என்று சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து சிறிய 555 புத்தகத்தை எடுத்து எழுதிக்கொள்வார். நம் நாட்டில் அந்தப் புத்தகத்தைத் தெரியாதவர் யார்? மளிகைக்கடை முதல் மீன்கடை வரை கடன் ஏறுவது அதில்தானே. என் பெயருக்கு எதிரே 41 வெள்ளி 60 சென் ஏறியது.

அவ்வாண்டு ரமலானில் நான் ஒரு நாள்கூடத் தராவீஹ் தொழுகையைத் தவறவிடவில்லை. சூராவ் உண்டியலில் ஐந்து, பத்து என்று போட்டேன். பிஸ்கட் வாங்கினால் பொட்டலத்தைத் திருப்பி ஹலால் முத்திரையைத் தேடினேன். சேர்க்கப்பட்டிருக்கும் பொருள்களின் எண்களைக்கூட விட்டுவைக்கவில்லை. ஆனால் அந்தப் பொட்டலத்தை வாங்கிய காசு யாருக்குச் சேர வேண்டிய காசு என்று ஒரு முறையும் நினைத்துப் பார்க்கவில்லை. உடன் தங்கியிருந்த ஒரு நண்பன் கேட்டான், “அந்தக் கடைக்காரருக்கு இன்னும் கட்டலையா?” என்று. பக்கத்தில் இருந்த இன்னொருவன், “விடுடா, அவர் நம்மாளா என்ன?” என்றான். எனக்கு வந்த கோபத்தில் அவனோடு அரை மணி நேரம் வாதாடினேன். வாதத்தில் வென்றேன். கடனை மட்டும் கட்டவில்லை.

நீண்ட விடுமுறை முடிந்து திரும்பியபோது கடைக்கதவு மூடியிருந்தது. குத்தகை முடிந்துவிட்டதாம். போனவர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா திட்டவில்லை. நன்னாவைப் பற்றிப் பேசினார். அம்மாவைப் பெற்ற அவரை நான் பார்த்ததில்லை. இராமநாதபுரத்திலிருந்து பினாங்குக்கு வந்து சிறிய மளிகைக்கடை வைத்தவர். அரிசியை நிறுத்த பிறகு ஒரு பிடி அள்ளி மேலே போடுவாராம். ஹஜ்ஜுக்குப் புறப்படும் முன்பு ஒரு தாளில் பெயர்களை எழுதிக்கொண்டு வீடு வீடாக நடந்தாராம். பாக்கி வைத்திருந்த சீன மொத்த வியாபாரி முதல், எப்போதோ கடுஞ்சொல் சொல்லிவிட்ட பக்கத்துக் கடைக்காரர் வரை எல்லாரிடமும் கணக்கைத் தீர்த்து, மன்னிப்புக் கேட்ட பிறகே கப்பலேறினார். அதிகம் படித்தவரல்லர் அவர். நன்னெறி ஒரு பாடம், மார்க்கம் ஒரு பாடம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை போலும்!

இறையச்சத்தை அரபியில் ‘தக்வா’ என்பார்கள். காத்துக்கொள்வது என்னும் பொருளுள்ள வேரிலிருந்து வந்த சொல் அது. எதிலிருந்து காத்துக்கொள்வது? குர்ஆனின் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது என்று விடுதி நண்பர்கள் சிலரிடம் கேட்டுப் பார்த்தேன். சொர்க்கம், நரகம், தொழுகை என்றார்கள். இரண்டாம் அத்தியாயத்தின் 282ஆம் வசனம்தான் அது. கடன் கொடுத்து வாங்கினால் எழுதிவையுங்கள், சாட்சி வையுங்கள், தொகை சிறிதானாலும் எழுதச் சலிக்காதீர்கள் என்று ஒரு கணக்குப்பிள்ளையின் கவனத்தோடு பேசுகிறது. அளவில் மோசடி செய்வோரைக் கண்டித்தே 83ஆம் அத்தியாயம் தொடங்குகிறது. கடன் வைத்து இறந்தவருக்கு நபிகள் நாயகம் (ஸல்) ஜனாஸாத் தொழுகை நடத்தத் தயங்கினார்கள். தோழர் ஒருவர் அந்தக் கடனை ஏற்றுக்கொண்ட பிறகே தொழவைத்தார்கள். இவையெல்லாம் எனக்குத் தெரியாதவையா? இஸ்லாமியக் கல்வித் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவை.

‘அவர் நம்மாளா?’ என்ற கேள்விக்கும் அங்கேயே விடை இருக்கிறது. கி.பி. 622இல் மக்காவைவிட்டு நபிகளார் வெளியேற நேர்ந்தபோது, அவரைக் கொல்லத் திட்டமிட்டிருந்த ஊர்க்காரர்களே தங்கள் உடைமைகளை அவரிடம்தான் நம்பி ஒப்படைத்திருந்தார்கள். அந்த அமானிதங்களை உரியவர்களிடம் சேர்ப்பதற்காகவே அலீ (ரலி) அவர்களைப் பின்னால் விட்டுச் சென்றார்கள். கொல்ல வந்தவர்களின் பொருளுக்கே அந்தக் கணக்கு என்றால், ‘பரவாயில்ல தம்பி’ என்று சொன்னவருக்கு?

தொழாவிட்டாலும் நல்லவனாக இருந்தால் போதும் என்று நான் சொல்வதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். அந்தப் பேச்சும் நம் வளாகத்தில் நிறைய உலவுகிறது. சோம்பேறித்தனத்துக்கு நல்ல போர்வை அது. என் அச்சம் வேறு. மறுமையில் தொழுகை, நோன்பு, ஸகாத் எல்லாவற்றோடும் ஒருவர் வந்து நிற்பார். ஆனால் ஒருவரைத் திட்டியிருப்பார், மற்றொருவரின் பொருளைத் தின்றிருப்பார். அவருடைய நன்மைகளை அவர்களுக்கே பங்கிட்டுக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பார், அவர்தான் உண்மையான திவாலாளி என்று நபிமொழி ஒன்று கூறுகிறது. உண்டியலில் நான் போட்ட பத்து வெள்ளியும் கடைக்காரருடைய கணக்குக்குத்தான் போகுமோ என்னவோ.

இந்தக் கணக்கைத் தொடங்கினால் பட்டியல் நீள்கிறது. விரிவுரைக்கு வராத நண்பனுக்காக வருகைத் தாளில் ஒப்பமிட்டுவிட்டு வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு ஓடியிருக்கிறேன். குழு இடுபணியில் உழைக்காதவன் பெயரைச் சேர்த்திருக்கிறேன். ஒரு முறை உழைக்காதவனே நான்தான். பி.டி.பி.டி.என். கடனைப் பற்றி விடுதியில் பேச்செழுந்தால், “அரசாங்கப் பணம்தானே, பார்த்துக்கலாம்” என்று சிரிப்பவர்களில் ஐவேளையும் தொழுபவர்கள் இல்லையா? சுபுஹுக்கு எழுவது கடினம் என்பார்கள். நான் சொல்கிறேன், எழுந்துவிடலாம். கைப்பேசி எழுப்பிவிடும். யாரும் எழுப்பாத இடத்தில், யாரும் கேட்காத 41 வெள்ளியை எடுத்துக்கொண்டு ஒருவரைத் தேடிப் போவதுதான் கால் வராத வேலை.

உரியவரைக் கண்டுபிடிக்கவே முடியாவிட்டால் அவர் பெயரால் தர்மம் செய்துவிடலாம் என்று எங்கள் ஊர் இமாம் சொன்னார். சொல்லிவிட்டு, “முதல்ல தேடுனியா?” என்றும் கேட்டார். ஒழுங்காகத் தேடவில்லை என்று ஒப்புக்கொண்டேன்.

இப்போது தேடுகிறேன். பக்கத்துச் சிற்றுண்டிச்சாலையில் விசாரித்ததில், அவர் மகளோடு வடக்கே போய்விட்டதாகத் தெரிகிறது. அவருடைய பெயரை இங்கே அச்சிட எனக்கு மனமில்லை. ஆனால் இவ்விதழைப் படிக்கும் முன்னாள் மாணவர்கள் பலர் அவரிடம் ஆய்வேட்டைக் கட்டிவாங்கியிருப்பீர்கள். நூலகத்துக்குப் பக்கத்துக் கடை என்றாலே போதும், ஆளைத் தெரிந்துவிடும். அவருடைய தொடர்பு எண் உங்களில் யாரிடமாவது இருந்தால் கழகச் செயலவையினரிடம் கொடுத்துவையுங்கள். 41 வெள்ளி 60 சென் ஓர் உறையில் தயாராக இருக்கிறது.