ஊர்திக்கொரு வழிகாட்டி, மலைக்கொரு வழிகாட்டி

விடுமுறை நாட்களில் காரில் சென்று சஹ்யாத்திரி மலைக்கோட்டைகளில் ஏறிவரும் வழக்கம் நம் சங்கத்துக் குடும்பங்களிடையே பெருகி வருகிறது. வழிகாட்டும் கருவி வாங்குவதாயின் காருக்கும் மலைக்கும் ஒன்றே போதுமா என்று அன்பர்கள் சிலர் நம்மை வினவியுள்ளனர். ரயில்வே குமாஸ்தாவாகிய நாம் தண்டவாளம் காட்டும் வழியையே அறிந்தவர். எனினும், சென்ற மழைக்காலத்தில் நாம் பட்ட பாட்டினை உரைப்பின் விடை தானே விளங்கும்.

மும்பையிலிருந்து இரண்டு கார்களில் ஹரிச்சந்திரகட் கோட்டைக்குப் புறப்பட்டோம். ஒரு காரின் கருவியில் கோட்டையின் பெயரையும், மற்றதில் உச்சியிலுள்ள கோயிலின் பெயரையும் இட்டோம். ஒன்று கீரேஷ்வர் கிராமத்திலும் மற்றொன்று பாச்னை கிராமத்திலும் போய் நின்றன. நடுவே 1,400 மீட்டருக்கு மேல் உயர்ந்த மலை! கட்டுச்சோறு அவர்களிடம், குழந்தைகள் நம்மிடம். பிழை கருவியினதன்று. ஊர்திக்கான கருவி சாலையை மட்டுமே அறியும். ஆதலின் மலையின் பெயரை இடாது, ஏறத் தொடங்கும் கிராமத்தின் பெயரையே இடுதல் வேண்டும்.

பாச்னையிலிருந்து நாம் மேலேறினோம். உச்சியில் மூடுபனி கவிந்தது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கொங்கண் கடா என்னும் செங்குத்துப் பாறை எப்பக்கம் என்பதும் புலப்படவில்லை. காலை முதல் காருக்கு வழிகாட்டிய கைபேசி, மின்சாரம் தீர்ந்து அணைந்துபோயிற்று. குழந்தைகளின் கையைப் பற்றியவாறு நின்ற அந்த அரைமணி நேரத்தை இன்று நினைப்பினும் நெஞ்சு நடுங்குகிறது. மோர் விற்கும் மூதாட்டி ஒருவர் அவ்வழி வந்து, எங்களைக் கீழே சேர்ப்பித்தார்.

சாலையில் நாம் கேட்பது, ‘எங்கே திரும்ப வேண்டும்?’ என்பது. மலையில் கேட்பதோ, ‘எவ்வழி வந்தோம்?’ என்பது. முன்னதற்குப் பெரிய திரையும், குரலும், காரிலிருந்தே மின்சாரமும் தேவை. பின்னதற்கு நடந்த பாதையைப் பதிவு செய்யும் வசதியும், மழையைத் தாங்கும் உறுதியும், பகல் முழுதும் நீடிக்கும் பேட்டரியும் தேவை. அடிக்கடி மலையேறுவோர், மாற்று பேட்டரி இடக்கூடியதும் நனைந்த விரலுக்கும் இசையும் பொத்தான்கள் உடையதுமான கையடக்க ஜி.பி.எஸ். கருவியை வாங்கலாம்.

ஆண்டுக்கு இருமுறை செல்லும் நம்போன்றோருக்கு அச்செலவு அவசியமன்று. கைபேசி தன் இருப்பிடத்தைச் செயற்கைக்கோள்களைக் கொண்டே அறிகிறது. அதற்கு டவர் வேண்டியதில்லை. வரைபடத்திற்கே இணையம் வேண்டும். ஆகவே அதை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்க. காருக்கு ஒரு கைபேசி, மலைக்கு வேறொன்று என ஒதுக்குக. ஒரு பவர் பேங்க், ஒரு காந்த திசைகாட்டி, தாளில் வரைந்த வழி ஆகியன உடனிருக்கட்டும். பாறையருகே அலைகள் பட்டுத் திரும்புவதால் கருவி பல மீட்டர் பிசகலாம். விளிம்பருகே திரையை நம்பிக் காலெடுத்து வைத்தல் ஆகாது.

வெளிநாட்டு உறவினர் அன்புடன் தரும் செயற்கைக்கோள் தொலைபேசியை, உரிய அனுமதியின்றி நம் நாட்டில் வைத்திருத்தல் குற்றமாகும் என்பதையும் மறவற்க.

யாவற்றினும் மேலாக, அடிவாரத்து ஊராரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏறுக. அந்த மூதாட்டியின் கையில் கருவி ஏதும் இல்லை!